பதில்: ஸ்கேட்டிங் கலைச்சொல் – "ஸ்டைல்"க்கு தன்வாகு போடலாமா?

எல்லாருக்கும் வணக்கம்.

ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு, அதான் ஐஸ்ல சறுக்கி ஆடுற ஆட்டத்துக்கு, தமிழ்ல ஒரு கலைச்சொல் பட்டியல் போடுறோமே, அதுல "ஸ்டைல்"க்கு என்ன சொல்லு போடலாம்னு நடக்கற இந்தப் பேச்ச ரெண்டு வாரமா வாசிச்சுக்கிட்டே இருக்கேன், தவணைப் பரீட்சை பேப்பர் எல்லாம் திருத்தி முடிச்சு இன்னைக்குத்தான் எழுத உக்காந்தேன், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. நான் இலங்கை மலையகத்துல தலவாக்கலைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல நடனம் படிப்பிக்கிறேன். எங்க புள்ளைங்க யாரும் ஐஸ் ரிங்க்க கண்ணால கண்டதில்ல, ஜனவரியில விடியக்காலம் நுவரெலியாப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகி தேயிலைக் கொழுந்து கருகிப் போகுமே, அந்தப் பனிதான் அதுங்களுக்குத் தெரிஞ்ச ஐஸ். ஆனா போன்ல ஃபிகர் ஸ்கேட்டிங் வீடியோ பார்க்காத புள்ள என் கிளாஸ்ல இல்ல. போன மாசம் ஒண்ணு கேட்டுச்சு: "டீச்சர், ரெண்டு பேரும் ஒரே ஜம்ப்பத்தானே போடுறாங்க, ஆனா மூஞ்சி தெரியாட்டிக்கூட இது இவங்கதான்னு தெரிஞ்சிருதே, அது என்னது?" நான் ஸ்டைல்னு சொன்னேன். சொல்லிட்டு எனக்கே பத்தல.

இதுவரைக்கும் வந்த சொல்லுங்களப் பத்தி என் அபிப்பிராயம்.

> பாணின்னே வச்சிக்கலாம், எல்லாருக்கும் புரியும்.

அண்ணே, புரியுந்தான். ஆனா நடனத்துல பாணின்னா பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி. ஒரு குரு, அவர்கிட்ட படிச்சவங்க, அவங்ககிட்ட படிச்சவங்கன்னு ஒரு கூட்டமே சேர்ந்து வச்சிருக்கற சொத்து அது. போய்ச் சேர்ந்து படிச்சா நமக்கும் கெடைக்கும். அந்தப் புள்ள கேட்டது படிச்சு வாங்க முடியாத ஒண்ணப் பத்தி.

> தனித்துவம்

இது மேடைக்கு உள்ள சொல்லு. மலையக மக்களோட தனித்துவம்னு பேசறப்ப நல்லா இருக்கு, நானே பேசியிருக்கேன். ஆனா ஒருத்தரோட காலு ஐஸ்ல எப்படி எறங்குது, சுத்தி முடிச்ச கை எப்படி விரியுதுங்கறத அந்தச் சொல்லு கண்ணுக்குக் கொண்டு வராது. முத்திரைன்னா எங்க ஆளுங்களுக்குக் கை முத்திரைதான் ஞாபகம் வரும். நடைன்னா தாளத்துல திஸ்ர நடை, சதுஸ்ர நடைன்னு ஏற்கனவே குடியிருக்கு, ஸ்கேட்டிங்கும் பாட்டுக்கு ஆடறதுதானேங்கறப்ப கண்டிப்பா கொழப்பும்.

நான் சொல்ல வர்றது தன்வாகு.

வாகுங்கறது நம்ம வாயில இன்னும் இருக்கற சொல்லு. உடல்வாகு, கைவாகு. "மம்பட்டிய வாகா புடி", "வாகா உக்காரு." ஒடம்புக்கு எது இயல்பா வருதோ அது வாகு. அது ஒடம்புல இருக்கற விஷயம், அதே நேரம் பழகிப் பழகி வந்தது, ரெண்டும் அந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு.

எங்கம்மா முப்பது வருஷத்துக்கு மேல கொழுந்தெடுத்தவங்க. சின்ன வயசுல மலைக்குச் சோறு கொண்டு போறப்ப, மூடுபனியில மூஞ்சி தெரியாது, எல்லாரும் ஒரே மாதிரி இடுப்புல படங்குச் சாக்கு கட்டியிருப்பாங்க, ஆனா அம்மா எந்த நெரையில நிக்குறாங்கன்னு கைய வச்சே கண்டுபிடிச்சிருவேன். மத்தவங்க ரெண்டு கையும் நெறைஞ்சதும் கூடைக்குப் போடுவாங்க, அம்மா எடது கை எடுத்துக்கிட்டே இருக்க வலது கைய மட்டும் தோளுக்கு மேல கொண்டு போயி திரும்பிப் பார்க்காம வீசுவாங்க, ஒரு கொழுந்து வெளிய விழாது. யாரும் சொல்லிக் குடுத்ததில்ல. கங்காணி நெரைக்குப் பின்னாடி வந்து நின்னா மட்டும் அந்த வீச்சு நின்னு போயிரும். எல்லாரையும் போல ரெண்டு கையையும் சேர்த்துப் போடுவாங்க. கிலோ கொறையாது, அதே கிலோதான் வரும், பேரும் விழும், அதான் அன்னைக்குள்ள முழுச் சம்பளம். ஆனா தூரத்துல நின்னு பார்க்கற எனக்கு அம்மா காணாமப் போயிருவாங்க.

நான் சொல்ல வர்ற விஷயமே இதுதான். எதிர்பார்ப்பு வந்து ஏறுறப்ப மொதல்ல போறது ஜம்ப் இல்ல, தன்வாகு. ஜம்ப் அதுக்கப்புறம் போனாலும் போகும், போகாமலும் இருக்கும். விழுந்தா எல்லாருக்கும் தெரியும், ஒரு விழுகைக்கு ஒரு புள்ளி கழிச்சிருவாங்க, டீவியில அதையே பத்துத் தடவ காட்டுவாங்க. தன்வாகு போனத யாரும் காட்ட மாட்டாங்க, ஏன்னா அதுக்குப் பேரே கெடையாது. அதனாலதான் இந்தப் பேருக்கு இவ்வளவு மெனக்கெடறேன்.

ஸ்கோர் போடுற முறையப் பாருங்க. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்ல ஜோடிப் போட்டி தீர்ப்பு பெரிய பிரச்சினையாகி, ஆறுக்கு இத்தனைன்னு நடுவருங்க மார்க் போட்ட பழைய 6.0 முறைய எடுத்துட்டு ஒவ்வொரு அசைவுக்கும் புள்ளி எண்ணுற முறை கொண்டு வந்தாங்க. இப்ப ஒவ்வொரு ஜம்ப்புக்கும் சுழலுக்கும் தரம் பார்த்து கழித்தல் 5ல இருந்து கூட்டல் 5 வரைக்கும் போடுறாங்க. அதுக்கு மேல ஆட்டத்தோட அமைப்பு, வெளிப்பாடு, சறுக்குத் திறமைன்னு மூணு மார்க், 2022 வரைக்கும் அது அஞ்சா இருந்துச்சு. நியாயமான முறைதான், நான் குறை சொல்லல, நடனப் போட்டிக்கு நடுவரா போற எனக்கு எண்ணிப் போடுறதோட அருமை தெரியும். ஆனா எண்ணுற எடத்துல எல்லாரும் எண்ணுறதையே செய்ய ஆரம்பிச்சிருவாங்க.

இதுக்கு நல்ல உதாரணம் பிரையன் பொய்ட்டானோ. 1988 கல்கரியில தங்கம் வாங்கின அமெரிக்கர். ஜம்ப்புல சுத்தறப்ப எல்லாரும் ரெண்டு கையையும் நெஞ்சோட ஒட்டி வைப்பாங்க, அப்பத்தான் வேகமா சுத்தும். இவர் லட்ஸ்ங்கற ஒரு வகை ஜம்ப்புல ஒரு கைய தலைக்கு மேல தூக்கிக்கிட்டே சுத்துவார். பார்த்த ஒடனே இவர்னு தெரியும், அவர் பேராலேயே அதுக்கு டானோன்னு பேர் வந்துருச்சு. புது ஸ்கோர் முறை வந்த பெறகு கை தூக்கினா கஷ்டம் கூட, அதனால தரப்புள்ளியும் கூடங்கற கணக்குல, ஒரு காலத்துல சின்னப் புள்ளைங்க எல்லாம் ஜம்ப்புக்கு ஜம்ப் கையத் தூக்க ஆரம்பிச்சிருச்சுங்க. பொய்ட்டானோ தூக்கினப்ப அது தன்வாகு. நூறு பேர் புள்ளிக்காகத் தூக்கினப்ப அது பாணி. அண்ணே, நீங்க சொன்ன சொல்லு இங்கதான் சரியா வந்து உக்காருது, அதத் தள்ளிவிடல நான். ரெண்டு சொல்லும் பட்டியல்ல இருக்கணும், பக்கத்துப் பக்கத்துல.

அடுத்து பட்டியல்ல இருக்கற அந்த "பிரஷர்", ஆடுறவங்க மனசுல ஏறுறது. அழுத்தம்னு போட்டிருக்கீங்க. ஸ்கேட்டிங்ல பிளேடு ஐஸை அழுத்துறதே பெரிய பாடம், அதுக்கு அந்தச் சொல்லு வேணும், அத மனசுக்குக் குடுத்துட்டா வாத்தியார் "அழுத்தத்தைக் கூட்டு"ன்னா புள்ள எத நெனைக்கும்? எதிர்பார்ப்புச் சுமைன்னே போடுவோம். சுமைய ஒருத்தர் ஏத்தி விடலாம், எறக்கியும் வைக்கலாம்.

எறக்கி வச்சா என்ன நடக்கும்னு பார்க்கணும்னா 2014 சோச்சி ஒலிம்பிக்ல ஜப்பான் ஸ்கேட்டர் மாவோ அசாடாவப் பாருங்க. 2010ல வெள்ளி வாங்கினவங்க, ஜப்பானே இந்தத் தடவ தங்கம்னு காத்துக்கிட்டு இருந்துச்சு. போட்டியில குறும் ஆட்டம், நீள ஆட்டம்னு ரெண்டு, ரெண்டு ஸ்கோரையும் கூட்டித்தான் எடம். குறும் ஆட்டத்துல ட்ரிப்பிள் ஆக்ஸல்ங்கற மூணரைச் சுத்து ஜம்ப்புல விழுந்து, 55.51 எடுத்து 16ம் எடம். மெடல் கனவு அங்கயே முடிஞ்சுது. மறுநாள் நீள ஆட்டம், அதே ட்ரிப்பிள் ஆக்ஸல மொதல்லயே போட்டு எறங்கி, 142.71, அதுவரைக்கும் அவங்க எடுத்ததுலயே ஆகக்கூடின ஸ்கோர். மொத்தத்துல 6ம் எடம்தான். முடிஞ்சதும் அண்ணாந்து பார்த்து அழுதாங்க. நான் அந்த ரெண்டு ஆட்டத்தையும் சத்தத்த நிப்பாட்டி வச்சு மாத்தி மாத்திப் பார்த்திருக்கேன். மொத நாள்ல காலு அடுத்த ஜம்ப்புக்கு அவசரப்படுது, நடுவுல இருக்கற சறுக்கெல்லாம் வழி மாதிரி கடந்து போகுது. மறுநாள் அந்த நடுவுலதான் அவங்க இருக்காங்க. எனக்கு அப்படித்தான் தெரியுது, நீங்களும் பார்த்துட்டுச் சொல்லுங்க. அமெரிக்க ஸ்கேட்டர் நேதன் சென்னும் 2018 ஒலிம்பிக்ல குறும் ஆட்டத்துல 17ம் எடத்துக்கு விழுந்து, நீள ஆட்டத்துல எல்லாரையும் விட கூட ஸ்கோர் எடுத்து 5ம் எடத்துக்கு வந்தார், பெறகு 2022ல தங்கம். அலிசா லியூ 13 வயசுல அமெரிக்க சாம்பியன், 16 வயசுல போதும்னு வெலகி, 2024ல திரும்பி வந்தாங்க, பாட்டு, உடுப்பு எல்லாம் என் இஷ்டம்னு சொல்லி வந்து 2025ல உலக சாம்பியன்.

எங்க ஸ்கூல் கதையையும் சொல்லிடறேன். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஒரு புள்ளையப் பழக்கினேன். தோட்டத்து லைன் வீடு, அந்த லயத்துக் காம்பராவுல ஆட எடம் பத்தாது, வாசல் சிமெந்துத் தரையில பழகின புள்ள. அதுக்கு ஒரு வழக்கம், ஜதிய முடிக்கற தீர்மானம் ஆடி முடிஞ்சதும் கண்ணு மொதல்ல போயி உக்காரும், கழுத்து கொஞ்சம் பொறுத்துத்தான் போகும். நான் படிப்பிச்சது இல்ல. வலய மட்டத்துல ஆடினப்ப அந்த ஒரு எடத்துல சபை அப்படியே அமைதியாயிருச்சு. மாகாண மட்டத்துக்குப் போறப்ப தோட்டத்து ஆளுங்க காசு சேர்த்து வேன் புடிச்சு வந்திருந்தாங்க, கோயில்ல அர்ச்சன வேற. புள்ள ஒரு பிழை விடல. முழங்கால் மடிச்சு பாதி உக்கார்ற அரைமண்டி கொறையல, தாளம் தப்பல. கண்ணும் கழுத்தும் ஒண்ணாப் போச்சு. மூணாம் எடம் கெடைச்சுது, எல்லாரும் கை தட்டினாங்க, எனக்கு மட்டும் மனசு கேக்கல, வேன்ல வர்றப்ப அதுகிட்ட என்ன நடந்துச்சுன்னு சொல்ல ஒரு சொல்லு தேடினேன், "இன்னும் நல்லா ஆடியிருக்கலாம்"ங்கற மாதிரி ஏதோ சொல்லித் தொலைச்சேன். அந்தச் சொல்லுகூட அதுக்கு இன்னொரு சுமையாத்தான் போயிருக்கும். "உன் தன்வாகு அங்க வரல"ன்னு சொல்லத் தெரிஞ்சிருந்தா அது புரிஞ்சிக்கிட்டிருக்கும்.

– தலவாக்கலையிலிருந்து

———

வணக்கம் டீச்சர். மடல் வாசிச்சேன், கொழுந்து வீசுற எடம் எங்க ஆத்தாவ ஞாபகப்படுத்துச்சு. ஆனா ரெண்டு சந்தேகம். ஒண்ணு, வாகுன்னா தோளுன்னும் அர்த்தம் இருக்கு, கந்தபுராணத்துல வீரவாகுத் தேவர். தன்வாகுன்னா தன் தோளுன்னு யாரும் எடுக்க மாட்டாங்களா? ரெண்டாவது, 1998 நாகானோ ஒலிம்பிக்ல பிரான்ஸ் ஸ்கேட்டர் சூர்யா பொனாலி தடை செஞ்ச பின்பல்டிய அடிச்சு ஒத்தக் கால்ல எறங்கினாங்களே, அத தன்வாகுன்னு சொல்வீங்களா, வித்தைன்னு சொல்வீங்களா?

– பண்டாரவளையிலிருந்து

———

தம்பி, நல்ல கேள்விங்க ரெண்டும்.

வீரவாகு விஷயம் உண்மைதான், அது வடமொழியில இருந்து வந்த வேற சொல்லு. உடல்வாகுன்னு சொல்றப்ப யாருக்கும் தோளு ஞாபகம் வர்றதில்ல, அந்தச் சொல்லு போட்ட வழியிலேயே இதுவும் போயிரும்னு நம்புறேன். இருந்தாலும் பட்டியல்ல விளக்கத்துக்குக் கீழ அத ஒரு வரி எழுதிடறேன்.

பொனாலி பத்தி ரொம்ப நேரம் யோசிச்சேன். பல்டி தனியா ஒரு வித்தைதான், பழகினவங்க யாரும் அடிக்கலாம், 2024ல தடையையும் எடுத்துட்டாங்க. ஆனா உலகப் போட்டியில மூணு தடவ வெள்ளியோட நின்னவங்க, அன்னைக்குக் காயத்தோட ஆடி, இனி மெடல் இல்லன்னு தெரிஞ்ச பெறகு, புள்ளி வெட்டுவாங்கன்னு தெரிஞ்சே அடிச்சாங்க. அந்தப் பலமும் அந்தத் துணிச்சலும் அவங்க ஆட்டம் முழுக்க இருந்த ஒண்ணு. அது தன்வாகு. பல்டி அது வெளிய வந்த எடம். பிரிட்டன் ஸ்கேட்டர் ஜோன் கரியும் எனக்கு அப்படித்தான், சின்னதுல பாலே படிக்க ஆசைப்பட்டு அப்பா விடல, ஸ்கேட்டிங்னா விளையாட்டுத்தானேன்னு விட்டாங்க, அந்தப் பாலே அவர் கையில வந்து உக்காந்து 1976 இன்ஸ்புருக்ல தங்கம் வரைக்கும் போச்சு. என் கிளாஸுக்கு வெளிய ஜன்னலோரம் நிக்குற பையனுங்களப் பார்க்கறப்ப எல்லாம் அவர் ஞாபகம் வரும்.

பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கேன், திருத்துங்க:

தன்வாகு: ஒருவரது உடலுக்கும் பழக்கத்துக்கும் இயல்பாய் வந்து, அவரது ஆட்டத்தை அவருடையதென அடையாளம் காட்டும் அசைவுப் பண்பு. பலர் பயின்று பின்பற்றுவது பாணி.

பேச்சுல "தன்வாகு வந்துருச்சு", "தன்வாகு தப்பிருச்சு", "தன்வாகா ஆடுறா". கிளாஸ்ல சொல்லிப் பார்த்தேன், அன்னைக்கே ஒண்ணுக்கொண்ணு சொல்ல ஆரம்பிச்சிருச்சுங்க.

வெள்ளிக்கிழமை பட்டியல்ல ஏத்துறேன். அதுக்குள்ள பிளேடோட "எட்ஜ்"க்கு ஓரமா விளிம்பான்னு முடிவு சொல்லுங்க. எனக்கு விளிம்பு, ஆனா புள்ளைங்க எல்லாம் ஓரம்னுதான் சொல்லுதுங்க.

– தலவாக்கலையிலிருந்து