ஜூம்ல வேதபாடம் நடத்துறவங்க கொஞ்சம் சொல்லுங்க, மும்பை

தாராவி_வாலிபர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தாராவி பக்கம் ஒரு சின்ன தமிழ் சபையில வாலிபர் கூட்டத்த நான் பாத்துக்குறேன். முன்ன எல்லாரும் நடந்து வர்ற தூரத்துல இருந்தாங்க, இப்ப வாடகை கட்டுப்படியாகாம பாதிப்பேர் கல்யாண், அம்பர்நாத், பத்லாப்பூர்னு போயிட்டாங்க, வேலை முடிச்சு லோக்கல் ட்ரெயின்ல இடிபட்டு வீடு சேர்ந்தவங்கள புதன்கிழமை ராத்திரி திரும்ப தாராவி பக்கத்து சயான் வரைக்கும் வாங்கன்னு எப்படி கூப்பிடுறது? அதான் ஜூம்ல ஆரம்பிச்சோம். முதல் வாரம் 22 பேர், போன வாரம் 5 பேர், அதுலயும் மூணு பேர் கேமரா ஆஃப், பேர் சொல்லி கூப்பிட்டாலும் சத்தமே இல்ல. ஃப்ரீ அக்கவுன்ட்ங்கறதால 40 நிமிஷத்துல கட் ஆகுது, கரெக்டா ஜெபம் பண்ற நேரத்துல. இங்க பொறந்த பிள்ளைங்க தமிழ் பேசுவாங்க ஆனா வாசிக்கத் தெரியாது. ரொம்ப பாரமா இருக்கு, வழி சொல்லுங்க.

கோலிவாடா_அக்கா:
தம்பி, நான் ஜூமை விட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு, இப்ப வாட்ஸப் வாய்ஸ் நோட்தான். மாற்கு எடுத்தோம், 16 அதிகாரம்தான், சின்ன சுவிசேஷம், கதை மாதிரி ஓடும். தினம் ஒரு பகுதி, நாலு நிமிஷத்துக்கு மேல பேச மாட்டேன், கடைசில ஒரே ஒரு கேள்வி. எங்க குரூப்ல ஒரு அக்கா வீட்லயே தையல், எழுதப் படிக்கத் தெரியாது, போனை மிஷின் மேல வச்சு கேப்பாங்க. அஞ்சாம் அதிகாரம், அதான் யவீருங்கறவரோட மகள இயேசு உயிரோட எழுப்புறதும் பெரும்பாடுங்கற ரத்தப்போக்கு வியாதி உள்ள அம்மா சுகமாகுறதும் வர்ற பகுதி, அனுப்புன அன்னிக்கு அவங்ககிட்டருந்து வாய்ஸ் நோட் வந்துச்சு, பின்னால மிஷின் சத்தம் கடகடன்னு ஓடுது, "ஏன்மா, யவீரு மகளுக்கு பன்னெண்டு வயசு, அந்த பெரும்பாடுள்ள அம்மாவும் பன்னெண்டு வருஷமா கஷ்டப்பட்டுருக்கு, அந்தப் புள்ள பொறந்தப்ப ஆரம்பிச்ச வியாதியா அது?"ன்னு கேட்டாங்க. இத்தனை வருஷம் வாசிச்சிருக்கேன் தம்பி, ரெண்டையும் நான் சேர்த்துப் பாத்ததே இல்ல. அன்னிக்கு முழுசும் குரூப்ல அதான் பேச்சு. நாம பேசுறதைக் குறைச்சு அவங்களைப் பேச விடணும்.

நவி_மும்பை_பிரதர்:
வாசிக்கத் தெரியாத பிள்ளைங்களுக்கு பைபிள்.இஸ் ஆப்ல தமிழ் ஆடியோ இருக்கு, என் பையன் ட்ரெயின்ல ஹெட்ஃபோன் போட்டு கேக்குறான். யூவெர்ஷன் பைபிள் ஆப்ல வாசிப்புத் திட்டத்த ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து எடுக்கலாம், யார் இன்னிக்கு முடிச்சாங்கன்னு தெரியும், கீழயே பேசிக்கலாம். பழைய தமிழ் புரியாதவங்களுக்கு அதே ஆப்ல ஐஆர்வி மொழிபெயர்ப்பும் இருக்கு. ஒரே வருஷத்துல முழு வேதாகமம்னு மட்டும் இப்போதைக்கு ஆரம்பிக்காதீங்க, 1189 அதிகாரம், தினம் மூணு நாலு வரும், புதுசா வர்ற பிள்ளைங்க சட்டதிட்டமா வர்ற லேவியராகமத்துலயே நின்னுடுவாங்க.

செம்பூர்_பெரியவர்:
தம்பி, குரூப்ல ஃபார்வர்டு மட்டும் வர விடாதீங்க, குட் மார்னிங் படத்துக்கு நடுவுல வசனம் காணாமப் போயிடும். கூட்டத்த ரெக்கார்டு பண்ணா ஜெப விண்ணப்பம் சொல்ற இடத்துல நிறுத்திடுங்க, ஒரு பொண்ணு தன் வீட்டுக் கஷ்டத்த நம்பிச் சொல்லுது, அது யூட்யூபுக்குப் போகக் கூடாது. அப்போஸ்தலர் 8ல பாருங்க, எத்தியோப்பிய மந்திரி கையில ஏசாயா புஸ்தகம் இருந்துச்சு, ஆனா பிலிப்பு ரதத்துல ஏறி பக்கத்துல உக்காந்த பிறகுதான் அவருக்கு வெளிச்சமாச்சு. ஜெர்மனியிலருந்து வந்த மிஷனரி சீகன்பால்க் ஐயாவும் அப்படித்தான், 1715ல தரங்கம்பாடியில தமிழ் புதிய ஏற்பாடு அச்சாச்சு, அதோட விடல, பள்ளிக்கூடமும் வச்சு சொல்லிக்கொடுத்தாங்க. நெட்டு ரதம் மாதிரிதான், ஏறி உக்கார ஆள் வேணும். வாரத்துக்கு ரெண்டு பேருக்காவது நீங்களே போன் போடுங்க.

தாராவி_வாலிபர்:
ரொம்ப நன்றி அக்கா, ஐயா, பிரதர். பெரியவர் சொன்னதப் படிச்சதும் கேமரா ஆஃப்ல இருந்த ஒரு தம்பிக்கு இப்பதான் போன் போட்டேன், ரெண்டாவது ரிங்லயே எடுத்துட்டான். "எல்லாம் கேட்டுட்டுதாண்ணா இருக்கேன், ஒரே ரூம்ல ஆறு பேரு, அப்பா தூங்கிட்டு இருப்பாரு, எப்படி மைக் ஆன் பண்ணுவேன்"னு சொல்றான். நான் இத்தனை வாரமா அவனுக்கு ஆர்வம் இல்லன்னு நெனச்சுட்டு இருந்தேன். திங்கக்கிழமைலருந்து மாற்கு 1 வாய்ஸ் நோட் ஆரம்பிக்கிறேன், அவன் பதில டைப் பண்ணி அனுப்புறேன்னு சொல்லிருக்கான்.