மறுமொழி: வெல்டிங் ஆய்வுக் கையேடு – ‘வழு’வுக்கு முன்னால் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கையேடு அச்சுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது. வகுப்புக்கு வரப்போகிறவர்கள் பல வருடம் ஹோல்டர் பிடித்த வெல்டர்கள். இப்போது இன்ஸ்பெக்டர் தேர்வு எழுத நினைக்கிறார்கள். தேர்வு தமிழில் நடப்பதில்லை. ஆனால் பாடம் தமிழில் மனத்தில் பதிந்தால்தான், அங்கே கேட்கிற கேள்வி எதைக் கேட்கிறது என்று பிடிபடும். அதற்காகத்தான், வெல்டிங் ஆய்வில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் சொல்லுங்கள் என்று இங்கே உதவி கேட்டேன். வந்த மடல்களில் பாதி, இன்ஸ்பெக்டரை எப்படி அழைப்பது என்பதிலேயே நின்றுவிட்டன. முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

> ஆய்வாளர் என்றால் காவல் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. ‘நாடுநர்’ என்று வைக்கலாம். ‘குணம்நாடிக் குற்றமும் நாடி’ என்று குறளே வழி காட்டுகிறது.

புலவர் ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் குறளின் முறை இந்த வேலைக்கு ஒத்துவராது. குணம் ஒரு பக்கம், குற்றம் ஒரு பக்கம் வைத்து, எது மிகுதியோ அதைக் கொள்ளச் சொல்கிறது குறள். வெல்டிங்கில் அப்படி ஈடுகட்டிக்கொள்ள முடியாது. ஒரு மீட்டர் நீளத்துக்கு அச்சில் வார்த்ததுபோல ஓடிய வெல்டில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால் போதும், அது தேறாது. மிச்சம் முழுவதும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கணக்கில் வராது. ‘பற்றவைப்பு ஆய்வாளர்’ என்றே வைத்துக்கொள்வோம். முன்னால் ‘பற்றவைப்பு’ இருக்கும்போது யாரும் காவல் நிலையத்தை நினைக்க மாட்டார்கள்.

‘பற்றவைப்பு’க்குப் பதில் ‘ஆசு’ என்ற வேரிலிருந்து சொற்களை ஆக்கலாம் என்று நீங்களே எழுதிய நீண்ட மடலை இரண்டு முறை படித்தேன். ஆசிடை நேரிசை வெண்பாவில், முதற்குறளையும் தனிச்சொல்லையும் பொருத்த இடையில் வைக்கும் ஓரசை ஈரசைக்கு ‘ஆசு’ என்று பெயர். பொற்கொல்லர் இரண்டு துண்டுகளை ஒட்ட இடையில் வைக்கும் பற்றாசிலிருந்து வந்த பெயர் அது. யாப்பு படித்தவர்களுக்கு இனிக்கும் செய்தி. ஆனால் பற்றாசு வைக்கும்போது இடையில் வைத்த பொருள்தான் உருகும், பொன் உருகாது. வெல்டிங்கில் இரண்டு தகடுகளின் விளிம்பும் சேர்ந்து உருகி ஒன்றாகின்றன. ஆகவே ‘பற்றாசு’ சால்டரிங்குக்கு நூறு சதம் பொருந்தும். 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும் நிரப்பியை வைத்துச் செய்யும் பிரேஸிங்குக்கும் ‘வன்பற்றாசு’ என்று நீட்டிக்கொள்ளலாம். இந்த இரண்டையும் கையேட்டில் சேர்த்துவிட்டேன், உங்கள் பெயரில் நன்றியோடு.

‘ஆசு’க்குக் குற்றம் என்றும் பொருள் உண்டே, குற்றத்தை இரியச் (விலகி ஓடச்) செய்பவர் ஆசிரியர் என்றால் இன்ஸ்பெக்டரும் ஆசிரியர்தானே என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி வேறு கருத்து உடையவர்கள் குழுவில் இருக்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. என் தயக்கம் வேறு. ஒரே சொல் இணைப்புக்கும் குற்றத்துக்கும் பெயராக இருந்தால், ஆய்வு அறிக்கையில் ‘ஆசு உள்ளது’ என்று எழுதியதை எப்படிப் படிப்பது?

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் உண்மையில் திணறுவது டிஸ்கன்டினுயிட்டி, டிஃபெக்ட் என்ற இரட்டையில். பட்டறையில் இரண்டையும் ‘டிஃபெக்ட்’ என்றே சொல்கிறோம். அந்தப் பழக்கத்தோடு தேர்வுக்குப் போகிறவர் அங்கேயே தடுக்கி விழுகிறார். வெல்டின் இயல்பான கட்டமைப்பில் எங்கே தொடர்ச்சி அறுந்தாலும் அது டிஸ்கன்டினுயிட்டி. அது தன்னளவில் குற்றம் ஆகாது. அது எந்த வகை, எவ்வளவு பெரிது, எத்தனை சேர்ந்திருக்கின்றன என்று பார்த்து, விதித்தொகுப்பு (கோட்) சொல்லும் ஏற்பு அளவை அது தாண்டினால்தான் டிஃபெக்ட்.

ஓர் எடுத்துக்காட்டு. 10 மி.மீ. தகட்டில் ஒரு ஃபில்லட் வெல்டு, அதாவது இரண்டு தகடுகள் சேரும் மூலையில் போட்ட வெல்டு. டார்ச் விளக்கை நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்துப் பிடித்தால் வெல்டும் தகடும் சேரும் ஓரத்தில் நூல்போல ஒரு நிழல் விழும். அங்கே தகடு உருகி ஓடியிருக்கிறது, வெல்டு உலோகம் வந்து நிரப்பவில்லை. நாம் அண்டர்கட் என்பது இதைத்தான். ஆழம் அளக்கும் கேஜின் முனையை இறக்கினால் ஆழம் 0.5 மி.மீ. இது தேறுமா, தேறாதா? அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதித்தொகுப்புப்படி, நிலைச்சுமை தாங்கும் கட்டுமானத்தில் 25 மி.மீ.க்குக் குறைந்த தகட்டில் 1 மி.மீ. வரை போகலாம். ஆகவே தேறும். அதே தகடு, மாறி மாறிச் சுமை ஏறும் கட்டுமானத்தின் முதன்மை உறுப்பாக இருந்து, இழுவிசைக்குக் குறுக்கே அந்த வெல்டு ஓடினால் எல்லை 0.25 மி.மீ. அப்போது தேறாது. பள்ளம் அதேதான், பெயர்தான் மாறுகிறது. இதைச் சொல்ல ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்.

> வழாநிலை, வழு, வழுவமைதி என்று நம் இலக்கணத்தில் மூன்று தட்டு ஏற்கெனவே இருக்கிறது. பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழு, உவப்பால் அமைகிறது. அளவுக்குள் அடங்கும் டிஸ்கன்டினுயிட்டியை வழுவமைதி என்க.

இந்த விவாதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த மடல் இது. அம்மா, டிஃபெக்டுக்கு ‘வழு’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ‘குறைபாடு’ என்று எழுதினால் சின்னக் குறையா பெரிய குறையா என்று மனம் அளக்கத் தொடங்கிவிடுகிறது. ‘வழு’ வெட்டு ஒன்று துண்டு இரண்டாக நிற்கிறது. ஆனால் அளவுக்குள் அடங்கியதை வழுவமைதி என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வழுவமைதியில் வழு நடந்துவிட்டது, காரணம் காட்டி அதை அமைத்துக்கொள்கிறோம். 0.5 மி.மீ. பள்ளமோ, நிலைச்சுமைக் கட்டுமானத்தில் ஒரு கணம்கூட வழுவாக இருந்ததில்லை. ஆய்வாளர் யாரையும் மன்னித்து விடவில்லை. மன்னிக்கும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது.

அந்த அதிகாரம் வேறொருவரிடம் இருக்கிறது. விதித்தொகுப்பின் எல்லையைத் தாண்டியதையும், தகுந்த ஆதாரங்களை எழுத்தில் வைத்தால், பொறுப்புப் பொறியாளர் ஏற்கலாம் என்று டி1.1 இடம் கொடுக்கிறது. அதுதான் அசல் வழுவமைதி! குற்றம் உண்டு, காரணம் உண்டு, அமைக்கும் உரிமை உடையவரும் உண்டு. ஆகவே உங்கள் சொல்லை அந்த இடத்தில் வைக்கிறேன். மூன்று தட்டும் நிற்கும், முதல் தட்டுக்கு, அதாவது டிஸ்கன்டினுயிட்டிக்கு, மட்டும் புதுச்சொல் வேண்டும்.

அதற்கு என் முன்மொழிவு ‘இடையறவு’. ‘இடையறாது’ என்பது எல்லோர் வாயிலும் உள்ள சொல், அதைத் திருப்பிப் போட்டால் இது வரும். கொதிகலன் வேலையில் இருக்கும் நண்பர் இதை மறுத்திருக்கிறார். வெல்டிங் பாதியில் நின்றுபோனதை, அதாவது ராடு தீர்ந்து ஆர்க் அணைந்ததை, வெல்டர்கள் ‘இடையறவு’ என்று புரிந்துகொள்வார்கள் என்கிறார். நியாயமான பயம்தான். அவர் சொல்லும் ‘தொடர்ச்சியின்மை’ தெளிவாக இருக்கிறது. ஆனால் ‘தொடர்ச்சியின்மைகளின் வகைப்பாடு’ என்று ஒரு தலைப்பை நாலு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஐஎஸ்ஓ 5817 என்ற சர்வதேசத் தரத்தின் வழி வேலை செய்கிறவர்கள் ‘குறை’ போதும் என்கிறார்கள். அங்கே இம்பர்ஃபெக்‌ஷன் என்றுதான் இருக்கிறது, பி, சி, டி என்று மூன்று தரநிலை வைத்து அளக்கிறார்கள், அதில் பி கடுமையானது. அவர்களுக்கு ‘குறை’ சரி. நான் நடத்துவது டி1.1 பாடம், அங்கே ‘குறை’ என்றதுமே மாணவர் ‘வெட்டி எடு’ என்பார்.

சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 1980 மார்ச் 27 அன்று வட கடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். தாங்கு குழாய் ஒன்றில் ஒலிவாங்கிக் கருவியை மாட்ட ஒரு சிறு தாங்கியைப் பற்றவைத்திருந்தார்கள். அதைச் சுற்றிய 6 மி.மீ. ஃபில்லட் வெல்டிலிருந்துதான், சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் களைப்பு விரிசல் கிளம்பியது. முறிந்த முகத்தில் பெயின்ட் தடம் இருந்தது. அப்படியென்றால் மேடைக்குப் பெயின்ட் அடிக்கும்போதே விரிசல் அங்கே இருந்திருக்கிறது. விரிசலுக்கு டி1.1இல் அளவே கிடையாது. எந்த நீளமானாலும், எங்கே இருந்தாலும் வழு. எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்துப் பழகியவருக்கு, அளந்து பார்க்க வேண்டியது எது, அளக்காமலே நிறுத்த வேண்டியது எது என்ற வேறுபாடு மங்கிவிடும். நான் பயப்படுவது இதற்குத்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெல்டின் மேல் படியும் ஸ்லாகுக்குக் ‘கசடு’ என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. சாட்சி நிலைக்கு, அதாவது ஆய்வாளர் வந்து பார்க்க வாய்ப்புத் தரும் கட்டத்துக்கு, ‘கரிநிலை’ என்ற முன்மொழிவை விட்டுவிடுவோம். பழந்தமிழில் ‘கரி’ சாட்சிதான், ஆனால் எஃகைப் பற்றிப் பேசும் புத்தகத்தில் அதைக் கார்பன் அளவு என்றுதான் படிப்பார்கள்.

தகுதியையும் சான்றையும் தயவுசெய்து ஒன்றாக்காதீர்கள். ஒரு செய்முறையைச் சோதித்துப் பதிவு செய்வது செய்முறைத் தகுதி. அந்த முறையில் ஒருவரின் கை ஓடுகிறதா என்று பார்ப்பது வெல்டர் தகுதி. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கொதிகலன் விதித்தொகுப்பின் ஒன்பதாம் பிரிவுப்படி, ஒரு வெல்டர் ஆறு மாதம் அந்த வெல்டிங் முறையைத் தொடாமல் இருந்தால் அந்தத் தகுதி போய்விடும். ஆய்வாளருக்குக் கிடைப்பது சான்று. அமெரிக்க வெல்டிங் சங்கம் 1976 முதல் தந்துவரும் சான்றுக்கு அடிப்படை அறிவு, கைவேலை ஆய்வு, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் விதித்தொகுப்புத் தேர்வு என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றிலும் 72 சதவீதம் எடுக்க வேண்டும், கண் பார்வைச் சோதனை தனி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ‘தகுதிச் சான்றிதழ்’ என்று ஒட்டி எழுதினால் இந்த வேறுபாடு முழுவதும் கரைந்துபோகும்.

விதித்தொகுப்பில் வரும் ஷல், ஷுட், மே மூன்றும் இன்னும் தொல்லைதான். ‘வேண்டும்’ கட்டாயத்துக்கு, ‘-லாம்’ அனுமதிக்கு. நடுவில் உள்ள பரிந்துரைக்குச் ‘செய்வது நல்லது’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். அனுமதிக்குத் தொல்காப்பிய வழக்கில் ‘வரையார்’ என்று எழுதலாம் என்ற யோசனையை ரசித்தேன், ஆனால் வெல்டர்கள் எதையோ வரையக்கூடாது என்று எடுத்துக்கொள்வார்கள்.

இதுவரை கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் ‘இடையறவு’க்குச் சம்மதம், அல்லது களைத்துப்போய்ச் சம்மதம். கொதிகலன் நண்பர் இன்னும் இசையவில்லை. அவருடைய ‘தொடர்ச்சியின்மை’யை முதல் முறை வரும் இடத்தில் ‘இடையறவு’க்குப் பக்கத்திலேயே அச்சிடுகிறேன், வகுப்பில் எது ஒட்டிக்கொள்கிறது என்று பார்ப்போம்.

அண்டர்கட்டுக்கு மட்டும் இன்னும் நல்ல சொல் அமையவில்லை. ‘அடிவெட்டு’ என்றால் வெல்டின் அடியில் இருப்பதாகப் படுகிறது. ‘ஓர அரிப்பு’ என்றால் துருவோடு குழம்புகிறது. ‘விளிம்புப் பள்ளம்’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பை அச்சகத்துக்கு அனுப்புகிறேன். அதற்குள் இதைவிடப் பொருத்தமானது யாருக்காவது தோன்றினால் உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
கையேட்டுக்காரன்