டிக்கி கதவு இறக்கத்துல பாதி விட்டுடுது – லாக் மாத்தித்தான் ஆகணுமா?

கோடநாடு_ரோடு:

வணக்கம். 2014 மாடல் ஹேட்ச்பேக், பெட்ரோல். டிக்கி கதவைச் சாத்தினா பிடிக்கிற சத்தம் வருது, இழுத்துப் பார்த்தாலும் வரலை. ஆனா கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகள்ல வண்டி குலுங்கினதும் மீட்டர்ல கதவு விளக்கு எரியுது. நிறுத்திப் பார்த்தா கதவு முழுசா திறந்திருக்காது, ஒரு விரல் மொத்தத்துக்கு வெளியே தள்ளி நிக்கும். இன்னொரு தடவை ஓங்கிச் சாத்தினா கொஞ்ச தூரம் தாங்குது.

விடிகாலையில கிளம்புற நாள்ல கட்டாயம் நடக்குது. மதியத்துக்கு மேல அபூர்வம். நம்பர் பிளேட்டுக்கு மேல இருக்கிற ரப்பர் பட்டனை அமுக்கினா மோட்டார்ல திறக்கிற வகை. பின்னாடி பெரும்பாலும் மண்டிக்குப் போற கேரட் மூட்டை இருக்கும். ஐப்பசி மழையில உள்ளே தண்ணி ஒழுகினதால சுத்து ரப்பர் பீடிங் புதுசா போட்டிருக்கு.

காட்டின இடத்துல லாக் செட்டையே மாத்தச் சொல்றாங்க. உண்மையிலேயே லாக் போயிடுச்சா? அதுவரைக்கும் கயிறு போட்டுக் கட்டி ஓட்டலாமா?

அருவங்காடு_டிங்கர்:

லாக்குக்கு இப்பவே காசு போடாதீங்க. கதவு முழுசா திறக்காம ஒரு விரல் தள்ளி நிக்குதுன்னு நீங்க சொன்னதுதான் இதுல முக்கியமான தகவல்.

லாக்குக்குள்ள யூ வடிவத்துல வாய் உள்ள ஒரு கொக்கி இருக்கு. கீழே பாடியில இருக்கிற கம்பி வளையம் (ஸ்ட்ரைக்கர்) வந்து இடிச்சதும் கொக்கி சுத்தி அதைக் கவ்விக்கும். சுத்துறதுல ரெண்டு கட்டம். முதல் கட்டத்துல கதவு பாதி பிடிப்பு, ரெண்டாவதுலதான் முழுப் பிடிப்பு. கொக்கி திரும்ப ஓடிடாம ஒரு சின்ன நாக்கு ஸ்பிரிங் பலத்துல வந்து விழுந்து தடுக்கும். உங்க கதவு முதல் கட்டத்துல நிக்குது. ஒண்ணு, நாக்கு ரெண்டாவது கட்டத்துல நுனியில மட்டும் உட்கார்ந்து, குலுக்கல்ல நழுவுது. இல்லேன்னா கொக்கி அந்தக் கட்டத்துக்கே போய்ச் சேரலை. முதலாவதுன்னா கோளாறு லாக்குல, ரெண்டாவதுன்னா ஸ்ட்ரைக்கர்லயோ பீடிங்லயோ.

பிரிச்சுப் பார்க்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். கோளாறு வர்ற நேரத்துலயே, அதாவது காலைக் குளிர்லயே செய்யுங்க. டிக்கியைத் திறந்தே வச்சுக்கிட்டு, கொக்கியை ஸ்க்ரூ டிரைவர் தண்டால மெதுவா தள்ளுங்க. டக், டக்குனு ரெண்டு சத்தம் தனித்தனியா கேக்கணும். ரெண்டாவது சத்தத்துக்கு அப்புறம் கொக்கியைத் திறக்கிற பக்கமா பலமா இழுங்க. அசையவே கூடாது. நழுவி முதல் கட்டத்துக்கு வந்தா கோளாறு லாக்குக்குள்ளதான். கல்லு மாதிரி நின்னா லாக் நல்லா இருக்கு, ஸ்ட்ரைக்கரையும் பீடிங்கையும் பாருங்க.

சோதனை முடிஞ்சதும் பட்டனை அமுக்கி கொக்கியைத் திறந்த நிலைக்குக் கொண்டு வந்துட்டுத்தான் கதவைச் சாத்தணும். கொக்கி மூடியிருக்கும்போது சாத்தினா நேரா ஸ்ட்ரைக்கர் மேல இடிச்சு ரெண்டுமே வளைஞ்சிடும். அவசரத்துல நிறைய பேர் இதை மறந்துடறாங்க.

இன்னொண்ணு, வண்டி சமதளத்துல நிக்கணும். நம்ம ஊர்ல ஒரு சக்கரம் மேட்டுல ஏறி நிக்கிற மாதிரிதான் பாதி வீட்டு வாசல். அப்படி நிறுத்தினா பாடி லேசா முறுக்கி டிக்கி வாயே கோணிக்கும், அங்கே எடுத்த அளவு எதுவும் செல்லாது. பெட்ரோல் பங்க் தரை மாதிரி இடமா பாருங்க.

லவ்டேல்_ஒயரிங்:

அண்ணன் சொன்ன சோதனை சரி. ஆனா பாதியில நிக்குதுங்கிற ஒரே காரணத்துக்காக கரண்டை விட்டுட முடியாது. மோட்டார் ஒரு கணம் மட்டும் இழுத்து விட்டாலும் நாக்கு தூக்கி, கொக்கி ஒரு கட்டம் இறங்கி, மறுபடி நாக்கு விழுந்து முதல் கட்டத்துல நின்னுடும். வெளிப் பட்டனோட ரப்பர் தோல் வெடிச்சு மூடுபனி ஈரம் உள்ளே போனா இப்படித்தான் விட்டுவிட்டு வரும், அதுவும் காலையில. ஓடுற வேகத்துல டிக்கி பட்டனை வேலை செய்ய விடாத வண்டிகள் உண்டு, எல்லாத்துலயும் அது கிடையாது.

மேல் கீலுக்குப் பக்கத்துல பாடிக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு ரப்பர் குழாய் போகும். உள்ளே இருக்கிற ஒயருங்க வருஷக்கணக்கா மடங்கி மடங்கி உறை வெடிச்சிடும். பின் வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு, மேல் பிரேக் விளக்கு இதுல ஏதாவது ஒண்ணு அப்பப்ப வேலை செய்யலேன்னா சந்தேகத்தை அங்கே வையுங்க. குழாயை ஒரு முனையில உருவி ஒயரை ஒவ்வொண்ணா மடக்கிப் பாருங்க. வெட்டுப்பட்டதை டேப் சுத்தி விட்டா நிக்காது. புது ஒயர் துண்டு வச்சு சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கி ஒட்டிக்கிற உறை) போடணும், சால்டர் வச்ச இடம் மடங்குற பகுதிக்கு வெளியே இருக்கணும்.

கரண்டா இல்லையான்னு தெரிஞ்சுக்க, கதவு உள் அட்டையைக் கழட்டி லாக்குக்குப் போற சாக்கெட்டை உருவி வச்சுட்டு ஓட்டிப் பாருங்க. அப்பவும் விட்டா கரண்டுக்குச் சம்பந்தமே இல்லை. உருவுறதுக்கு முன்னாடி லாக்கை உள்ளேயிருந்து கையால திறக்கிற அவசர லீவர் எங்கே இருக்குன்னு கண்டுபிடிச்சு, ஒரு தடவை திறந்தும் பார்த்துக்குங்க. இல்லேன்னா சாத்தின டிக்கியைத் திறக்க வழியில்லாம போயிடும்.

சாக்கெட்டை உருவிட்டா பல வண்டிகள்ல மீட்டர் விளக்கை நம்ப முடியாது. அந்தச் சுவிட்சும் லாக்குக்குள்ளேயே இருக்கு. இறங்கி, கதவு விளிம்பைக் கையால தடவிப் பாருங்க.

எல்லநள்ளி_கேரேஜ்:

கயிறு பத்திக் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலை, அதை முதல்ல சொல்லிடறேன். டிக்கி வாய் பிளந்தபடி ஓட்டாதீங்க. வண்டிக்குப் பின்னாடி காத்து சுழலும், சைலன்சர் புகை அந்த இடைவெளி வழியா உள்ளே இழுபடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலி, மயக்கம்னு தெரியறதுக்குள்ள உடம்பு தளர்ந்திடும். ஏத்தத்துல லோ கியர்ல மெதுவா போகும்போது இன்னும் மோசம். வேற வழியே இல்லாம ஒரு தடவை ஓட்டணும்னா, கதவு பீடிங்ல ஒட்டி உட்கார்ற மாதிரி உள்ளேயிருந்து லாக் பக்கத்து இரும்பையும் தரையில இருக்கிற கொளுவியையும் சேர்த்து இறுக்கிக் கட்டுங்க. முன் கண்ணாடி ரெண்டையும் இறக்கி, ஃபேனை வெளிக்காத்து நிலையில வேகமா வைங்க. எலாஸ்டிக் கயிறு வேண்டாம், குலுக்கல்ல நீண்டு கொடுக்கும்.

மூட்டை கதவு மேல சாயக் கூடாது. கதவு சுமை தாங்கறதுக்கு இல்லை. இறக்கத்துல பாரம் முன்பக்கம் போகும், ஆனா ஊருக்குத் திரும்பி ஏத்தம் ஏறுறப்ப அத்தனையும் கதவு மேல வரும். ஒரு கை அகலம் இடைவெளி விட்டு, மூட்டையை சீட் முதுகோட சேர்த்துக் கட்டுங்க.

டிக்கி ஷாக் (கதவைத் தூக்கிப் பிடிக்கிற வாயுத் தண்டு) போயிடுச்சுன்னு யாராவது சொன்னா உடனே மாத்திடாதீங்க. குளிர்ல அதுக்குள்ள இருக்கிற வாயுவோட அழுத்தம் இயல்பாவே குறையும். 30 டிகிரியில 400 நியூட்டன் தள்ளுற ஷாக் 8 டிகிரியில 370 தான் தள்ளும். காலையில கதவு கனமா தெரியறது அதனால. சாத்தின நிலையில ஷாக்கோட தள்ளு விசை கீலை ஒட்டியே போறதால லாக்கைப் பிடுங்கிற பலம் அதுக்கு ரொம்பக் கம்மி.

கோடநாடு_ரோடு:

மூணு பேருக்கும் நன்றிங்க. சாக்கெட்டை உருவிட்டு ஓட்டினேன், அப்பவும் அதே வளைவுகள்ல விட்டுடுச்சு. காலைல ஸ்க்ரூ டிரைவர் சோதனை செஞ்சேன். முதல் சத்தம் தெளிவா இருக்கு, ரெண்டாவது மந்தமா கேக்குது. கொக்கியை இழுத்தா சில சமயம் நழுவுது. ஹேர் டிரையரால லாக்கைச் சூடாக்கினதும் ரெண்டு சத்தமும் கணீர்னு இருக்கு, எவ்வளவு இழுத்தாலும் அசையலை. உள்ளே கறுப்பா பசை மாதிரி ஒட்டியிருக்கு. அதோட, ஓங்கிச் சாத்தினாத்தான் பிடிக்குதுங்கிறது பீடிங் மாத்தினதுக்கு அப்புறம் வந்ததுதான்.

அருவங்காடு_டிங்கர்:

அப்ப ரெண்டு கோளாறு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கு. பழைய கிரீஸ்ல கேரட் மூட்டை மண்ணு கலந்து, குளிர்ல இறுகி, நாக்கை முழுசா விழ விடலை. மேட்டுப்பாளையத்துல காட்டினா சரியாத்தான் இருக்கும், அங்கே 350 மீட்டர் உயரம்கூட இல்லை, கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800. புது பீடிங் வேற கதவை வெளியே தள்ளுது. நுனியில உட்கார்ந்த நாக்கு அந்தத் தள்ளலோட குலுக்கலும் சேரும்போது நழுவிடுது.

முதல்ல லாக். சாக்கெட்டை உருவி, 10 நம்பர் சாக்கெட் ஸ்பேனரால போல்ட்டுங்களைக் கழட்டி கையில எடுத்துடுங்க. கழட்டறதுக்கு முன்னாடி போல்ட் தலையைச் சுத்தி மார்க்கரால கோடு போட்டு வச்சா திருப்பி அதே இடத்துல மாட்டலாம். மண்ணெண்ணெய் தொட்ட பழைய டூத் பிரஷ்ஷால கொக்கியும் நாக்கும் சுத்துற இடத்தைப் பசை போற வரைக்கும் தேய்ங்க. மோட்டார் பக்கம் மேலே இருக்கணும், அதுக்குள்ள இறங்கக் கூடாது. தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கரைச்சிடும். துணியால துடைச்சு நல்லா காய விட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸ் கொண்டைக்கடலை அளவு எடுத்து கொக்கி அச்சுலயும் நாக்கு அச்சுலயும் மட்டும் வைங்க. டபிள்யூடி-40 அடிச்சா அன்னைக்கு நல்லா இருக்கும், அழுக்கைக் கழுவத்தான் அது, நின்னு வழுக்காது. வீல் பேரிங் கிரீஸும் எஞ்சின் ஆயிலும் வேண்டாம், ஒண்ணு மறுபடி இறுகும், இன்னொண்ணு புழுதியைச் சேர்க்கும்.

சுத்தம் பண்ணும்போது வெளிச்சத்துல நாக்கோட முனையையும், அது உட்கார்ற கொக்கியோட படியையும் பாருங்க. முனை கூரா இருந்தா பயமில்லை. மழுங்கி உருண்டையா இருந்தாலோ, நாக்கு ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ கிரீஸ் காப்பாத்தாது, அப்ப லாக் மாத்தறதுதான் வழி. அந்த முனையை அரம் போட்டுக் கூராக்கிறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு அப்படிச் செய்ய விடாதீங்க, மேல இருக்கிற கெட்டியான படலம் போயி சீக்கிரமே மறுபடி நழுவும்.

எல்லநள்ளி_கேரேஜ்:

பீடிங் பக்கம். முதல்ல ஒரு முன் கண்ணாடியை இறக்கிட்டு டிக்கியை மெதுவா சாத்துங்க. பிடிச்சா தடுக்கிறது உள்ளே அடைபட்ட காத்து, பீடிங் இல்லை. கண்ணாடி இறக்கியும் ஓங்க வேண்டியிருந்தா பீடிங் மூலைகளைப் பாருங்க, தகர விளிம்புல முழுசா இறங்காம நிமிர்ந்து நிக்கும். ரப்பர் சுத்தியலால சுத்தி முழுக்கத் தட்டி இறக்குங்க. ரெண்டு முனையும் சேர்ற இடம் ஸ்ட்ரைக்கருக்கு நேரா வந்திருந்தாலும் அங்கே தடிச்சுத் தள்ளும். அப்படி இருந்தா கழட்டி இணைப்பைத் தள்ளிப் போடணும்.

அடுத்து கதவு ஓரத்துல இருக்கிற ரப்பர் குமிழ் ரெண்டும். திருகினா உள்ளே வெளியே போகும். பீடிங் மாத்தறவங்க பல சமயம் இதைக் கவனிக்கிறதில்லை. ரெண்டையும் முழுசா உள்ளே திருகிட்டு சாத்திப் பாருங்க. அப்புறம் அரைச் சுத்து அரைச் சுத்தா வெளியே கொண்டு வாங்க. குமிழுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு தாள் வச்சுச் சாத்தினா, தாள் கிழியாம இழுபட்டு வரணும். ரெண்டு பக்கமும் ஒரே இழுவை இருந்தா போதும்.

ஸ்ட்ரைக்கரைக் கடைசியா தொடுங்க. அதுல எண்ணெயில குழைச்ச குங்குமம் கொஞ்சம் தடவிச் சாத்தித் திறந்தா, லாக் வாயில எங்கே படுதுன்னு தெரியும். நடுவுல பட்டா கை வைக்காதீங்க. ஒரு ஓரமா பட்டா பழைய இடத்தைக் கோடு போட்டு, போல்ட்டை லேசா தளர்த்தி, ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர் மட்டும் நகர்த்துங்க. கழட்டின போல்ட் எல்லாத்தையும் மேனுவல்ல போட்டிருக்கிற டார்க்குல (இறுக்க வேண்டிய முறுக்கு அளவு) இறுக்கி, ஒரு வாரம் மலை ஏறி இறங்கினதும் ஸ்பேனர் வச்சு இன்னொரு தடவை பாருங்க.