புதுப்பிப்பு: கார் ஷெட் தளம் போட்டாச்சு

கரிசல் மண்ணில் கார் ஷெட்டுக்கு நானே கான்கிரீட் தளம் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போட்டாச்சு. கரிசலை 2 அடி வெட்டி எடுத்துவிட்டு, கிராவலை 6 அங்குலம் 6 அங்குலமாகக் கொட்டி, தண்ணீர் விட்டுத் திம்மிசு போட்டு இடித்து இறுக்கினோம். முதுகு உடைந்தது அதில்தான். கான்கிரீட் ஒரே நாளில் முடிந்துவிட்டது.

5 அங்குலக் கனம், 1:1½:3 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி). சிமெண்ட் மூட்டைக்கு 27 லிட்டருக்கு மேல் தண்ணீர் விடவில்லை. "கொஞ்சம் இளக்கமா விடுங்க சார், இழுக்க லேசா இருக்கும்" என்று மிக்சர்காரர் கெஞ்சினார். நான் மசியவில்லை.

தளம் விரிசல் விடாதா என்று கேட்டவருக்கு: விட்டாலும் கோட்டோடு விடட்டும் என்று மறுநாளே கட்டர் வைத்துக் கால்பங்கு ஆழத்துக்குக் கோடு வெட்டிவிட்டேன். இப்போது பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறது. சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் என்பதால் 10 நாளாவது நனைக்கணும். 28 நாள் கழித்துத்தான் கார் ஏறும், அதுவரை தெருவில்தான்.