நத்தையின் ஆசனவாய் ஏன் தலைப்பக்கம் இருக்கிறது? ஓட்டின் சுருள்தான் காரணமா?

நுண்ணோக்கி:
பைலா என்னும் நன்னீர் நத்தையை அறுத்துப் பார்த்தால் மலக்குடல் முன்னோக்கி வந்து, தலைக்குப் பின்னால் உள்ள மாண்டில் குழிக்குள் (ஓட்டுக்கடியில் செவுள் இருக்கும் வெற்றிடம்) திறக்கிறது. ஓடு சுருண்டிருப்பதால் குடலும் வளைந்துவிட்டது என்று சில குறிப்புகளில் இருக்கிறது. சரியா? உள்ளுறுப்பு நரம்பு எட்டு வடிவில் குறுக்கிடுவதும் படத்தைப் பார்த்துப் பிடிபடவில்லை.

எட்டுக்கோடு:
தவறு. சுருள் வேறு, முறுக்கம் (டார்ஷன்) வேறு. கணவாயின் உறவான நாட்டிலஸுக்கு ஓடு சுருண்டிருக்கிறது, முறுக்கம் கிடையாது. பாறையில் ஒட்டி வாழும் லிம்பெட் நத்தைக்கு ஓடு வெறும் கூம்புத் தொப்பிதான், ஆனால் முறுக்கம் நடந்து ஆசனவாய் முன்னால் வந்திருக்கிறது.

முறுக்கம் வெலிஜர் எனப்படும் நீந்தும் லார்வாப் பருவத்தில் நடக்கிறது. தலையும் பாதமும் அப்படியே நிற்க, ஓடும் உள்ளுறுப்புத் திரளும் மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக (கடிகார முள்ளுக்கு எதிராக) 180 பாகை திரும்பும். பின்னால் இருந்த மாண்டில் குழி வலப்பக்கமாகச் சுற்றி முன்னால் வந்து சேரும். அபலோன் என்னும் கடல் நத்தையில் முதல் 90 பாகை சில மணி நேரத்தில் முடிகிறது. ஒருபக்கமாக அமைந்த லார்வாத் தசை சுருங்கி இழுப்பதுதான் இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. மீதி 90 பாகை, பக்கங்கள் வெவ்வேறு வேகத்தில் வளர்வதால், பல நாள் எடுத்து நடக்கிறது. எல்லா இனத்திலும் தசை மட்டுமே வேலை செய்கிறது என்று எழுதிவிடாதீர்கள்.

நரம்புக்குப் படம் வேண்டாம், ஒரு பென்சிலும் இரண்டு நூலும் போதும். பென்சில்தான் உணவுக்குழாய். அதைச் செங்குத்தாகப் பிடித்து, வலப்பக்கம் சிவப்பு நூல், இடப்பக்கம் நீல நூல் வைத்து, கீழ்முனைகளை ஒட்டிவிடுங்கள். அது தலை. மேல்முனைகளை ஒன்றாகப் பிடித்து, மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக அரைச்சுற்று திருப்புங்கள். சிவப்பு பென்சிலுக்கு அப்பால் ஓடி இடப்பக்கம் போகும், நீலம் பென்சிலுக்கு இப்பால், உங்கள் பக்கமாக ஓடி வலப்பக்கம் வரும். நத்தையில் "அப்பால்" என்பது உணவுக்குழாயின் மேல், "இப்பால்" என்பது அதன் கீழ். அதனால்தான் பிறப்பில் வலதான நரம்புத்திரள் மேலே ஏறி இடப்பக்கச் செவுளுக்குப் போகிறது. திசையை மாற்றித் திருப்பினால் நிறங்கள் தலைகீழாகிவிடும். படம் வரைபவர்கள் வழுக்குவது இங்கேதான்.

லிம்பெட்:
பைலாவில் இன்னொரு பொறி இருக்கிறது. அதன் ஒற்றைச் செவுள் வலப்பக்கம் தெரியும், ஆனால் அமைப்பின்படி அது இடச் செவுள். இடப்பக்கத்தை நுரையீரல் பை பிடித்துக்கொண்டதால் செவுள் ஒதுங்கிவிட்டது.

கழிவு தலைமேல் விழும் தொல்லையைச் சமாளிக்கும் வழிகள்தான் சுவையான பகுதி. அபலோன் ஓட்டில் வரிசையாகத் துளைகள், சாவித்துளை லிம்பெட்டுக்கு உச்சியில் ஒரே துளை. கழிவுநீர் அவற்றின் வழியே வெளியேறும். பெரும்பாலான கடல் நத்தைகள் வேறு வழி பிடித்தன. வலச் செவுளை இழந்து, நீரை இடப்பக்கம் உள்ளே இழுத்து வலப்பக்கம் வெளியே தள்ளுகின்றன. ஆசனவாய் வலது ஓரத்தில் இருப்பதற்குப் பொருள் இதுதான்.

நுண்ணோக்கி:
அப்படியானால் தரைநத்தையில் நரம்பு குறுக்கிடவில்லையே? முறுக்கம் நீங்கிவிட்டதா?

எட்டுக்கோடு:
இல்லை. தரைநத்தையில் இணைப்பு நரம்புகள் குறுகி, திரள்கள் எல்லாம் உணவுக்குழாயைச் சுற்றி ஒரே வளையமாக நெருங்கிவிட்டன. குறுக்கிட நீளம் இல்லை. மூச்சுத்துளை வலது முன்பக்கத்தில் இருப்பதைப் பார்த்தாலே முறுக்கம் நடந்தது தெரியும். உண்மையில் முறுக்கம் ஓரளவு திரும்பி அவிழ்ந்தது கடல்முயல் என்னும் கடல் நத்தையில்தான். அதன் செவுள் வலப்பக்கம் பின்னோக்கி நகர்ந்திருக்கிறது.

லிம்பெட்:
"ஏன் முறுக்கம்?" என்று தேர்வில் கேட்டால் விலங்கியலாளர் கார்ஸ்டாங் 1928இல் சொன்ன கருத்தை எல்லோரும் எழுதுவார்கள்: ஆபத்து வந்தால் லார்வா தலையை முதலில் உள்ளிழுத்து, பாதத்து மூடியால் வாயிலை அடைக்கலாம் என்று. 1985இல் அபலோன் லார்வாக்களை இரைதின்னிகளிடம் விட்டுப் பார்த்தபோது, முறுக்கத்துக்கு முந்தியவை, பிந்தியவை என்ற பாகுபாடில்லாமல் இரண்டும் இரையாயின. ஆகவே அதைக் கருதுகோள் என்றே எழுதுங்கள்.