கெமெஸ்தீசிஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புடையீர்,

பதினொன்றாம் வகுப்பு உயிரியல் துணைக் கையேட்டில் மணம், சுவை, தொடுவுணர்வு பற்றிய பாடத்தை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே சொல்லில் முட்டி நிற்கிறேன்: கெமெஸ்தீசிஸ். மிளகாயின் எரிவு, புதினாவின் குளிர்ச்சி, கடுகின் நெடி ஆகியவை சுவை மொட்டுகளின் வேலை அல்ல. வலியையும் வெப்பத்தையும் உணரும் நரம்பு முனைகளை அந்த வேதிப்பொருள்கள் தூண்டிவிடுகின்றன. வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் அந்தச் சேதியை எடுத்துச் செல்வதில் பெரும்பங்கு முக்கிளை நரம்புக்கு, அதாவது ஐந்தாம் கபால நரம்புக்கு. மிளகாயிலுள்ள காப்சைசின் திறக்கும் அதே அயனி வாயிலை (நரம்பு முனையில் மின்னூட்டத் துகள்களை உள்ளே விடும் புரத வழி; பெயர் டிஆர்பிவி1) ஏறத்தாழ 43 பாகை செல்சியஸைத் தாண்டிய சூடும் திறக்கிறது. 1997இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டது இது. 2021இல் அவருக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 'வேதியுணர்வு' என்று போட்டுப் பார்த்தேன். மணமும் சுவையும்கூட வேதியுணர்வுதானே?

— மொழிபெயர்ப்பாளர்

'காரவுணர்வு' என்று எழுதிவிடுங்கள். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

— தொடக்கப்பள்ளி ஆசிரியர்

வேண்டாம் ஐயா. அமிலம், காரம் என்று நான் வேதியியல் நடத்தும் அதே வகுப்பு இது. சோப்புக் கரைசலும் காரம், மிளகாயும் காரம் என்றால் தேர்வுத்தாளில் என்ன எழுதுவார்கள்? புதினாவின் குளிர்ச்சியைக் காரம் என்று யார் சொல்வார்கள்? நான் வகுப்பில் சொல்வது இதுதான்: மிளகாய் அரிந்த கையால் கண்ணைத் தொட்டால் எரிகிறது, சர்க்கரை அள்ளிய கை இனிப்பதில்லை. சுவைக்கு மொட்டு வேண்டும், எரிவுக்குத் தோலே போதும். எனவே சொல்லில் 'தொடு' இருந்தாக வேண்டும். 'வேதித்தொடுவுணர்வு' என் பரிந்துரை.

— வேதியியல் ஆசிரியை, திருச்சி

யாழ்ப்பாணத்தில் நாங்கள் காரம் என்பதில்லை, உறைப்பு என்போம். 'உறைப்புணர்வு' என்றால் அந்தக் குழப்பம் வராது. எங்கள் பாடநூல்களில் இரசாயனம் என்றே படித்தோம். 'வேதி' எங்கள் பிள்ளைகளுக்குப் புதிது.

— பணி ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்

யாழ்ப்பாணத்து ஐயா சொன்ன உறைப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், வேர் அங்கேதான் இருக்கிறது. உறு என்றால் பொருந்து, படு. உறு நீண்டு ஊறு. "சுவைஒளி ஊறுஓசை நாற்றமென" என்று வள்ளுவர் ஐம்புலனை எண்ணும்போது தொடுவுணர்வுக்கு வைத்த பெயர் அதுதான். தொல்காப்பியரும் ஓரறிவுயிருக்கு "உற்றறிவது" என்றே இலக்கணம் சொன்னார். உறுதல் மிகும்போது உறைத்தல்; உறவு, உறுதி, உறுப்பு எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. நாற்றம் என்ற நல்ல சொல்லைத் துர்நாற்றத்துக்குக் கொடுத்துவிட்டோம். ஊறையும் இழக்க வேண்டுமா? 'வேதி' என்ற ஒட்டும் எனக்கு உடன்பாடில்லை. அதன் வடமொழித் தொடர்பை அகராதியில் பாருங்கள். 'எரியூறு', 'குளிரூறு' என்று வகை பிரித்து, வாயும் மூக்கும் முகத்தில் இருப்பதால் பொதுவாக 'முகவூறு' எனலாம்.

— தமிழாசிரியர் (ஓய்வு)

ஐயா, ஊறு என்றால் இன்று காயம், தீங்கு. 'நோயாளிக்கு முகவூறு' என்று எழுதினால் அடிபட்டவர் என்றே செவிலியர் நினைப்பார். தவிர, இது முகத்தோடு நிற்கும் உணர்வும் அன்று. வலி நிவாரணக் களிம்பு முழங்காலில் குளிர்வதும் இதே கணக்கில்தான் வரும்.

— மருத்துவர், கோவை

ஊறுகாயிலும் ஊறு இருக்கிறதே, அதுவும் உறைக்கிறதே?

— கல்லூரி மாணவி

அது ஊறுதல், நனைந்து ஊறுதல். வேறு சொல், அம்மா. கலக்க வேண்டாம்.

— தமிழாசிரியர் (ஓய்வு)

அறுசுவையில் கார்ப்பு உண்டு. இந்தப் பாடமோ அதைச் சுவையே இல்லை என்கிறது. நான்கு சுவைகளோடு 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கெடா 'கொம்பு' என்ற கடற்பாசியில் கண்டறிந்த உமாமி என்ற சுவையைச் சேர்த்து ஐந்து என்று முடித்துக்கொள்கிறது. மரபைப் பிழையென்று பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறோமா?

— சித்த மருத்துவ மாணவர்

பிழையில்லை, தம்பி. வாயில் உணர்வதையெல்லாம் மரபு சுவை என்றது. இவர்கள் எந்த நரம்பு முனை என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். கையேட்டில் இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

— வேதியியல் ஆசிரியை, திருச்சி

அனைவருக்கும் நன்றி. ஐவர் ஏற்றதால் 'வேதித்தொடுவுணர்வு' என்றே அனுப்புகிறேன். அடைப்புக்குள் 'உறைப்பு, குளிர்ச்சி முதலியன' என்று வரும்.

— மொழிபெயர்ப்பாளர்

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். துவர்ப்பை எங்கே வைப்பீர்கள்? பாக்கிலும் வாழைப்பூவிலும் உள்ள துவர்ப்பி (டானின்), உமிழ்நீர்ப் புரதத்தோடு சேர்ந்து அதன் வழுவழுப்பைக் குறைக்கிறது, நாக்கு சொரசொரக்கிறது. அது வேதியா, வெறும் உராய்வா என்று ஆய்வாளர்களே வாதிடுகிறார்கள். ஊறு என்றால் இரண்டும் அடங்கும். அடுத்த பதிப்புக்கு இதே கேள்வியோடு வருவேன்.

— தமிழாசிரியர் (ஓய்வு)