பாயம் மாறவில்லை, மின்னழுத்தம் எப்படி வருகிறது?

கதிர்17: அவசரம், நாளை மறுநாள் செய்முறை விளக்கம். செம்புத் தட்டை டிரில்லில் மாட்டிச் சுற்றுகிறேன். பக்கத்தில் ஒலிபெருக்கிக் காந்தம். தட்டின் வழியே காந்தப் பாயம் (ஊடுருவும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) மாறவே இல்லை, ஆனாலும் மீட்டர் ஏதோ காட்டுகிறது. காந்தத்தைத் தட்டோடு ஒட்டிச் சுற்றினாலும் அதே அளவு! பாயம் மாறினால்தான் மின்னழுத்தம் பிறக்கும் என்ற ஃபாரடே விதி தவறா?

சுருள்மன்னன்: மீட்டர் முனைகள் எங்கே தொடுகின்றன? "ஏதோ" என்றால் எவ்வளவு? தட்டின் ஆரம்?

மின்வாசல்: சுழல் மின்னோட்டம்தான், தட்டுக்குள்ளேயே வட்டமடிக்கும் மின்னோட்டம், சந்தேகமே வேண்டாம். தட்டில் வெட்டுப் போட்டுப் பாருங்கள்.

பழைய சாக்பீஸ்: விதி தவறா என்று கேட்குமுன் புத்தகத்தைத் திறந்திருக்கலாம். 1831இல் ஃபாரடே சுற்றிய தட்டு இது, தம்பி.

சுருள்மன்னன்: ஐயா, பாயம் மாற வேண்டும் என்று சொல்லிக் குழப்பிவிட்டதே புத்தகம்தானே?

கதிர்17: ஒரு முனை அச்சில், மற்றது விளிம்பில். 30 மில்லிவோல்ட் சொச்சம். ஆரம் 5 செ.மீ.

சுருள்மன்னன்: டிரில்லின் வேகத்தை இன்னும் சொல்லவில்லை. நிமிடத்துக்கு 3000 சுற்று, புலம் 0.1 டெஸ்லா என்று வைப்போம். புலம், கோணத் திசைவேகம், ஆரத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கினால் 39 மில்லிவோல்ட். சரியாகத்தான் வருகிறது.

ஒரே விதிக்குள் இரண்டு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. புலம் நேரத்தோடு மாறினால் சுழலும் மின்புலம் பிறக்கும், கம்பியே தேவையில்லை. கடத்தி நகர்ந்தால் அதிலுள்ள எலக்ட்ரான்களை லாரன்ஸ் விசை, அதாவது நகரும் மின்னூட்டத்தின் மேல் காந்தப்புலம் செலுத்தும் விசை, தள்ளும். உங்களுடையது இரண்டாவது. காந்தம் தன் அச்சிலேயே சுழன்றால் அதைச் சுற்றியுள்ள புலம் மாறுவதில்லை. அதனால்தான் ஒட்டினாலும் அதே அளவு. காந்தமா கடத்தியா, எது நகர்கிறது என்பதைப் பொறுத்து விளக்கம் மாறும் இந்த விநோதத்தோடுதான் ஐன்ஸ்டைனின் 1905 சார்பியல் கட்டுரையே தொடங்குகிறது. காந்தத்தை மட்டும் சுற்றிப் பாருங்கள்.

மின்வாசல்: எல்லாப் புகழும் ஃபாரடேக்குத்தானா? அமெரிக்காவில் ஜோசப் ஹென்றியும் மின்காந்தத் தூண்டலைத் தனியாகக் கண்டுபிடித்தாரே!

பழைய சாக்பீஸ்: அவர் வெளியிட்டது 1832இல். முதலில் அச்சேறியவருக்கே பெயர்.

மின்வாசல்: அச்சகம்தான் இயற்பியலைத் தீர்மானிக்கிறதோ?

பழைய சாக்பீஸ்: தூண்டல் எண்ணின் அலகுக்கு ஹென்றி பெயர்தானே இருக்கிறது? இன்னும் என்ன வேண்டுமாம்?

கதிர்17: காந்தத்தை மட்டும் சுற்றினேன். மீட்டரில் சுழியம். நன்றி.

மின்வாசல்: வெட்டுப் போட்டீர்களா?

மின்வாசல்: தம்பி?